பருப்பில்லாத சாம்பாரும் திறந்த உரிமமும்

நமது காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு வணக்கம். உரிமங்களைப் பற்றி உங்களுக்கு இதற்குள் வகுப்பு நடந்து முடிந்திருக்கும். எந்தப் பதிவை யார் எடுக்கலாம், எடுத்தால் யார் பெயரைப் போட வேண்டும், வெட்டி ஒட்டலாமா, விற்கலாமா என்றெல்லாம் திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நல்ல வகுப்புதான். அந்தப் படங்களை வரைய எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போடு நின்று, விழுப்புரத்தில் கேசட் கடை வைத்து, மைக்கும் ஒயருமாகக் கல்யாண வீடுகளில் உட்கார்ந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிட்டு, "அந்த சாம்பார் விஷயத்தை எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

கடையைத் திறந்தது தொண்ணூற்று மூன்றில். கல்யாணம், காது குத்து, மாதா கோவில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். பாட்டைவிட, பாட்டுக்கு நடுவே மனிதர்கள் பேசுவதில்தான் எனக்கு உயிர். ஒரு ஊரில் ஒருவர் என் மைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னா தம்பி, பேசினா கேக்குமா, கேட்டா பேசுமா?" என்றார். அதை இன்றுவரை யாராவது கேட்டால் சொல்லிச் சிரிப்பேன். இப்படிப் பேச்சுக்காகவே சேர்த்து வைத்த கேசட்டுகள்தான் பின்னால் இந்தக் காப்பகத்துக்கு வந்தன. கேசட்டுகளோடு நானும் வந்து வேலைக்குச் சேர்ந்தேன். பழைய ஒலியைக் கணினியில் ஏற்றி, எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் வைப்பது எங்கள் வேலை.

அந்தக் கேசட்டுகளில் அதிகம் சிரிக்க வைப்பவை ஏசல் பாட்டுகள். கல்யாணத்தன்று சாயங்காலம் பெண் வீட்டுப் பெண்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பாட்டாலேயே வாரி விடுவார்கள். பெயர் சொல்லி, நடையைச் சொல்லி, சமையலைச் சொல்லி. அன்றைக்கு யாரும் கோபப்படக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டதும் அவர்கள்தான். பெண்ணின் அத்தை செசிலி அக்காவுக்கு எட்டூருக்குக் கேட்கும் தொண்டை. மதிய விருந்தின் சாம்பாரைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா அமலோற்பவத்தைப் பார்த்து, அங்கேயே கட்டிப் பாடினார்:

"சம்பந்தி வூட்டு சாம்பாருல
பருப்பு எங்க போச்சுதடி?
டார்ச்சு லைட்டக் கொண்டாடி – அமலோற்பவம்
எலையில கொஞ்சம் தேடலாண்டி!"

பந்தலே ஆடிப்போனது. என் டேப்பில் அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது.

வருடங்கள் கழித்து இதை இணையத்தில் ஏற்றும் முன் முறைப்படி செசிலி அக்காவைத் தேடிப் போய் அனுமதி கேட்டோம். "எம்பாட்டு அமெரிக்காவுக்கா போவுது? போவட்டும் தம்பி, எனக்குத்தான் விசா குடுக்க மாட்டேங்குறான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கொடுத்தது முழுதாகத் திறந்த உரிமம். பாடியவர் பெயரைச் சொன்னால் போதும், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அப்படிக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. சில இடங்களில் பாடியவரின் சொந்தப் பேத்தி வந்து கேட்டாலும் பாட்டைப் பூட்டியே வைத்திருப்பார்கள். அந்த வேலை நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். இன்றும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

பாட்டு கொஞ்ச காலம் தூங்கியது. பிறகு செல்போன்களில் விதவிதமான ரிங்டோன் வைக்கும் காலம் வந்தது. யாரோ ஒருவர் நம் தளத்திலிருந்து எடுத்து, பின்னால் தாளத்தைச் சேர்த்து, ரிங்டோனாக விட்டார். நிபந்தனைப்படி செசிலி அக்கா பெயரும் போட்டிருந்தது. குறை சொல்ல ஓர் இடமில்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றால் பத்துப் பைகளிலிருந்து செசிலி அக்கா பருப்பைத் தேடினார். அலுவலகத்தில் நாங்கள் மிட்டாய் வாங்கிக் கொண்டாடினோம்.

அந்த மிட்டாய் வாயில் கரைவதற்குள் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது.

"நாந்தான் அமலோற்பவம் பேசறேன். பாட்டுல வர்ற அமலோற்பவம். இப்ப மெஸ் நடத்திக்கினு இருக்கேன். பாட்ட இன்டர்நெட்ல வுட்டது யாரு? அவர வரச் சொல்லுங்க. வரலன்னா நான் வர்றேன்."

விசாரித்துப் பார்த்தோம். அமலோற்பவம் அம்மா பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மெஸ் வைத்திருந்தார். கல்யாணங்களுக்குச் சமையல் ஆர்டரும் எடுப்பார். முதலில் கல்லூரிப் பையன்கள் சாம்பார் ஊற்றியதும் செல்போன் டார்ச்சைத் தட்டி இலையில் அடித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்கு அவரும் சிரித்திருக்கிறார். பிறகு எதிர்ச்சாரியில் இருந்த ஒரு ஹோட்டல்காரர் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, பாடியவர் பெயரையும் சொல்லி அந்தப் பாட்டைப் போட்டு, "நம்ம கடையில டார்ச்சு தேவையில்லீங்க!" என்று ஊரெல்லாம் சுற்ற விட்டுவிட்டார். மெஸ்ஸில் கூட்டம் மெலிந்தது. எங்களுக்குப் போன் செய்த அன்று காலையில் ஒரு பெரிய கல்யாண ஆர்டரும் கைவிட்டுப் போயிருந்தது.

உடனே கூட்டம் போட்டோம். எங்கள் தலைவர் நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். "கல்யாணப் பாட்டு மொத்தத்தையும் தளத்திலிருந்து எடுத்துடலாம்" என்றார். போனில் வக்கீல், "பாடினவங்க கையெழுத்து இருக்குல்ல? அப்புறம் என்ன? பதிலும் போடாதீங்க, மன்னிப்பும் கேட்காதீங்க. கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நித்யா, "எடுத்தாலும் பிரயோசனம் இல்ல சார். கொடுத்த அனுமதிய திருப்பி வாங்க முடியாது. ஆட்டோக்காரர் பண்றது உரிமத்துக்கு உட்பட்டதுதான்" என்றாள்.

மூன்று பேர் சொன்னதும் சரி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அம்மாவின் மெஸ்ஸுக்கு ஒரு வழியும் இல்லை.

"நான் பதில் சொல்லவும் போகல, மன்னிப்புக் கேக்கவும் போகல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போறேன். நித்யா, நீயும் வா" என்றேன். இருவரும் பஸ் ஏறினோம். ரெக்கார்டரையும் பழக்கதோஷத்தில் பையில் போட்டுக்கொண்டேன்.

மெஸ்ஸில் பாதி மேசைகள் காலி. அமலோற்பவம் அம்மா கரண்டியும் கையுமாக நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாப்பா ரெக்கார்டு தம்பி. டார்ச்சு கொண்டாந்தியா?"

"இல்லீங்கக்கா."

"அப்ப கண்ணால பாத்துத் துன்னு." எங்கள் இருவருக்கும் இலை போட்டு அவரே சாம்பார் ஊற்றினார். பருப்பு கொழகொழவென்று நின்றது. நித்யா நிமிராமல் சாப்பிட்டாள்.

"எப்டிம்மா கீது?"

"ரொம்ப நல்லாருக்குங்கம்மா."

"இத ஆட்டோ கட்டிச் சொல்ல எனக்கு ஆள் இல்ல." அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாண ஆர்டர் குடுத்தவர் காலைல வந்தாரு. 'அம்மா, ஒங்க சமையல் மேல கொற இல்ல. ஆனா பந்தியில எவனாவது அந்த ரிங்டோன அடிச்சா, புது சம்பந்திங்க முன்னால எங்களுக்குத்தான் பேஜாரு'ன்னாரு. அட்வான்ஸ திருப்பிக் குடுத்துட்டேன். இன்னும் மெஸ்ஸ எத்தினி நாளுக்கு ஓட்டுவேன்னு தெரியல."

நித்யா கையை உதறிவிட்டு, "அம்மா, பாட்ட தளத்துலேர்ந்து இப்பவே எடுத்துடறேங்கம்மா" என்றாள்.

"எடுத்தா? ஊரு வாயிலேர்ந்தும் எடுத்துடுவியா?"

நித்யா இலையை மடித்தாள்.

"எடுக்கல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணு தெரியணும். எம்பாட்டு எங்க?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பாட்டுங்கக்கா?"

"அவ ஏசினா. நான் எதிர்ப்பாட்டு பாடினேன். அது எங்க?" என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்கேர்ந்து இருக்கும்? அவ பாடி முடிச்சதும் நீ மைக்க கழட்டி வெச்சிட்டு துன்னப் போய்ட்ட! எங்க சாம்பாரத்தான் ரெண்டு தபா ஊத்திக்கின!"

பிள்ளைகளே, அந்தக் காலத்தில் எங்கள் தொழில் வழக்கம் அதுதான். கேசட் பிடிக்கிறவனை எந்தப் பக்கத்தார் கூப்பிடுகிறார்களோ, அந்தப் பக்கம் பாடும்போது டேப் ஓடும். மறுபக்கம் பாட ஆரம்பித்தால் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். ஒருவரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அன்றைக்கு அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. நாங்கள் பெருமையாக இணையத்தில் ஏற்றி வைத்திருந்த ஏசல் பாட்டுகள் அத்தனையும் பாதிப் பாட்டுகள்.

அமலோற்பவம் அம்மா விளக்கினார். ஏசுகிற பக்கம் பாடி முடித்ததும் வெற்றிலைத் தட்டைப் பாயில் எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். 'இப்போது உன் முறை' என்று அதற்கு அர்த்தம். ஏச்சு வாங்கிய பக்கம் பதில் பாடி, வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பாட்டைப் பந்தலுக்கு வெளியே எடுத்துப் போய் வம்பு வளர்க்க மாட்டார்கள்.

"நீங்க என்னா பண்ணீங்க? பாட்ட மட்டும் ஒலகத்துக்கே தள்ளி வுட்டீங்க. தட்ட என் பக்கம் தள்ளவேயில்ல."

நித்யா ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். "இப்பப் பாடுங்கம்மா. இன்னிக்கே ஏத்திடறேன்." அமலோற்பவம் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கும் ஆசைதான். கை பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அங்கேதான் நிறுத்தினேன்.

"வேணாம். இத இப்ப எடுத்தா நாளைக்கு செசிலி அக்கா நமக்குப் போன் பண்ணுவாங்க."

எதிரே ஆள் உட்காராமல் ஏசுவதுதானே இத்தனை வம்புக்கும் காரணம்? அதையே மறுபக்கமும் செய்தால் ஒன்றுக்கு இரண்டு ஆட்டோ ஓடும். அமலோற்பவம் அம்மா கையை விரித்தார். "அவ வரமாட்டா. ரிங்டோன் வந்ததுலேர்ந்து நாங்க பேசிக்கறதில்ல. நடுவுல என் மருமவதான் மொழிபெயர்ப்பு" என்றார்.

நித்யா செசிலி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கமிருந்து குரல் உயர்ந்தது.

"ஐயோ, சம்பந்தி கோவமா இருக்காங்கன்னுதானே நான் போன் பண்ணவே பயந்துகினு கெடந்தேன்! நான் என்னாத்தக் கண்டேன்? தம்பி கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். ஆட்டோ கட்டுவானுங்கன்னு எனக்கு சொப்பனமா?"

"கேக்குது சம்பந்தி. கத்தாத. போன் கிழிஞ்சிடும்" என்றார் இவர்.

"யாரு? சம்பந்தியா? பக்கத்துலயா கீற? பருப்பு வெந்துச்சா?"

"நேர்ல வா, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செசிலி அக்கா காணையிலிருந்து வந்து இறங்கினார். கையில் வெற்றிலையும் ஒரு பை வறுத்த மல்லாட்டையும், அதுதான் நிலக்கடலை. மதியக் கூட்டம் கலைகிற நேரத்தில் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். நான் ரெக்கார்டரை நடுவில் வைத்து ஓட விட்டேன். செசிலி அக்கா பழைய பாட்டைப் பாடினார், குரலில் ஒரு சுருதி இறங்கவில்லை. பாடி முடித்துத் தட்டைத் தள்ளினார். அமலோற்பவம் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்தார்:

"பருப்பத் தேடி வந்தவளே
பந்திக்குப் பந்தி குந்தினவளே
டார்ச்சு லைட்ட அணைச்சிப்புடு – செசிலியே
பருப்பெல்லாம் உன் வயித்துலடி!"

முதலில் விழுந்து விழுந்து சிரித்தது செசிலி அக்காதான். மல்லாட்டை பாய் முழுக்கச் சிதறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். நித்யா பதறி எழுந்தாள். அமலோற்பவம் அம்மா வெற்றிலையை மடித்தபடியே, "எடுங்கடா, எடுங்க. ஆனா ரெண்டையும் சேத்து எடுங்க. ஒண்ண மட்டும் எவனாவது எடுத்தீங்க, நாளைக்கு எலையில கொழம்பு வுழாது" என்றார்.

நித்யா என் பக்கம் திரும்பி, "சார், இதுதான் உரிமம்" என்றாள்.

வக்கீல் ஒப்புக்கொள்ள நேரமானது. "திறந்த உரிமத்தோட நீங்களா ஒரு நிபந்தனைய ஒட்ட முடியாதுங்க" என்றார். அதுவும் சரியே. ஆகவே புதுப் பதிவுக்குக் கொஞ்சம் இறுக்கமான அனுமதியைத் தனியாக எழுதினோம். இரண்டு பாட்டும் ஒரே கோப்பு. வெட்டாமல் யாரும் பகிரலாம். வியாபாரத்துக்கு வேண்டுமென்றால் இரண்டு சம்பந்திகளிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய பதிவைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் அதன் பக்கத்திலேயே 'இது பாதி, முழுசு இங்கே' என்று எழுதிப் புதியதற்கு வழி காட்டினோம். அந்த வாசகத்தைப் படித்துக் காட்டியபோது அமலோற்பவம் அம்மா, "முழுச்சாப்பாடு இங்கன்னு போடு, நாலு பேரு மெஸ்ஸுக்கும் வருவான்" என்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிவில் யார் குரல் கேட்கிறதோ அவரிடம் அனுமதி கேட்கச் சட்டம் சொல்கிறது. யார் பெயர் கேட்கிறதோ அவரிடமும் போய்க் கேளுங்கள். சட்டம் சொல்லாவிட்டாலும் போங்கள். போகும்போது காகிதத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால், 'இந்தப் பாட்டுக்கு உங்கள் பக்கத்தில் என்ன முறை?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் சேர்த்துக் கொடுத்த மற்ற ஏசல் பாட்டுகளுக்கும் மறுபாதியைத் தேடி அடுத்த இரண்டு வருடம் அலைந்தோம். என் வேலைக் காலத்திலேயே அதிகம் சிரித்தது அப்போதுதான்.

ஆட்டோ என்ன ஆனதென்று கேட்பீர்கள். சட்டப்படி அது ஓடலாம், ஓடவும் செய்தது. ஆனால் பையன்கள் பரப்பிய எதிர்ப்பாட்டு அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எலையில கொஞ்சம் தேடலாண்டி" என்று ஸ்பீக்கர் பாடி நிறுத்தியதும், பூக்கடையிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் "பருப்பெல்லாம் உன் வயித்துலடி!" என்று பதில் வந்தது. ஆட்டோ ஓட்டுகிறவரே சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டியதாகக் கேள்வி. அந்த வாரத்திலேயே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள்.

மெஸ்ஸுக்குக் கூட்டம் திரும்பியது. ஆனால் அமலோற்பவம் அம்மாவுக்கு அந்தக் கல்யாண ஆர்டர்தான் மனதில் முள்ளாக இருந்தது. அதை வாபஸ் வாங்கிய மனிதர் கடைசியில் ஒரு நாள் மெஸ்ஸுக்கே வந்து, காதைச் சொறிந்துகொண்டு நின்றார். "எங்க வூட்டுக்காரம்மா சொல்றாங்க, சமைச்சா அவங்கதான் சமைக்கணுமாம். பாட்டுக்காரம்மா சாம்பாருன்னு ஒறவுக்காரங்க எல்லாம் கேக்கறாங்களாம்."

"அட்வான்ஸ் எடுத்துக்கினு வந்தியா?" என்று மட்டும் கேட்டாராம் இவர்.

அந்தக் கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டார். நானும் நித்யாவும் போனோம். ரோஷத்தில் அமலோற்பவம் அம்மா பருப்பைக் கொட்டியிருந்தார் பாருங்கள், கரண்டியைச் சாம்பாரில் நட்டால் விழாமல் நின்றது. சாயங்காலம் பாய் விரித்து ஏசல் தொடங்கியதும், பெண் வீட்டுப் பெண்கள் சம்பந்தியை விட்டுவிட்டு நேரே சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்:

"சாம்பார ஊத்தச் சொன்னோமடி
சாம்பாரு எறங்க மாட்டேங்குதடி
கத்திய எடுத்துக் கொண்டாடி – அமலோற்பவம்
துண்டு போட்டு வெக்கலாண்டி!"

பந்தலே கைதட்டியது. யாரோ வெற்றிலைத் தட்டை அடுப்பு வரைக்கும் கொண்டு போய் வைத்தார்கள். அமலோற்பவம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் எதிர்ப்பாட்டுக்குக் காத்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை பாடாமல் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நித்யா பக்கத்தில் போய், "அம்மா, பதில் பாடலியா? பாடினாத்தானே ரெண்டையும் சேத்துப் போட முடியும்?" என்று கேட்டாள்.

"இதுக்கு எதிர்ப்பாட்டு கெடையாதும்மா, இது நெசம்" என்றார் அவர். "பாடினவங்களக் கேட்டுக்கினு இத மட்டும் தனியாவே போடு. ரிங்டோன்காரன் எடுத்துக்கட்டும், ஆட்டோக்காரன் எடுத்துக்கட்டும், யாரு வேணா எடுத்து வித்துக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாம்."